ஓ'நீல்: சட்டம் போட்டு ஒழித்த பெயர்

1569-இல் டப்ளினில் கூடிய நாடாளுமன்றம் ஷேன் ஓ'நீல் என்ற, அயர்லாந்தின் வடக்கிலுள்ள அல்ஸ்டர் பகுதித் தலைவனைத் துரோகி என்று அறிவித்தது. அவன் கொல்லப்பட்டு அதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. செத்தவன் நிலத்தைப் பறிமுதல் செய்ய இப்படிச் சட்டம் இயற்றுவது அக்காலத்தில் வழக்கம்தான். ஆனால் இந்தச் சட்டம் அதோடு நிற்காமல் 'ஓ'நீல்' என்ற பெயரையும் ஒழித்தது. அதை இனி எவன் பட்டமாகச் சூடினாலும் ராஜத்துரோகம் என்றது. சட்டத்தின் முன்னுரை இன்னும் வேடிக்கை. அயர்லாந்து எலிசபெத் அரசிக்கே உரியது என்று நிறுவுவதற்காக, பழங்கதையில் வரும் குர்மண்ட் என்ற மன்னன் காலத்திலிருந்தே அந்த உரிமை தொடங்கிவிட்டதாக அதில் எழுதியிருக்கிறார்கள். பிறருடைய குலப்பெருமையை வெட்ட வந்தவர்களும் கையில் ஒரு கட்டுக்கதையோடுதான் வந்தார்கள். கோட்டையை இடிப்பதும் கால்நடைகளை ஓட்டிச் செல்வதும் போர்தான், புரிகிறது. ஒரு பெயரைக் கண்டு அரசாங்கம் ஏன் அஞ்ச வேண்டும்? குடும்பப்பெயர் என்றால் ரத்த உறவின் பதிவு என்று நாம் எடுத்துக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. ஓ'நீல் என்ற பெயரின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், அது பெரும்பாலும் ஒரு நிலப்பட்டாவைப் போலவே நடந்துகொண்டிருக்கிறது. வழங்கப்பட்டிருக்கிறது, பிடுங்கப்பட்டிருக்கிறது, வழக்காடப்பட்டிருக்கிறது. ரத்தத் தொடர்பில்லாதவர் கைக்கும் போயிருக்கிறது.

பெயரின் தோற்றத்திலேயே ஒரு குழப்பம் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும், பாதி புராணமாகிவிட்ட 'ஒன்பது பணயக்கைதிகளின் நியால்' என்ற மன்னனின் வாரிசுகள்தாம் ஓ'நீல்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. வம்சம் அவனிடம் தொடங்குவதாக மரபு சொல்வது உண்மைதான். ஆனால் அந்த வம்சத்தில் ஓ'டானல், ஓ'டோஹர்ட்டி, கலஹர் என்று பல குடும்பங்கள் அடக்கம். ஓ'நீல் என்ற குடும்பப்பெயருக்குக் காரணமானவன் வேறொரு நியால்: 'கருமுழங்கால்' என்று பட்டப்பெயர் பெற்ற நியால் குளூண்டுவ். அயர்லாந்தின் பேரரசனாக இருந்த அவன் 919-இல் டப்ளின் அருகே வைக்கிங்குகளுடன் நடந்த போரில் மாண்டான். 980-இல் இறந்த டொனால் அவனுடைய பேரன். 'ஓ' என்பது பேரன் அல்லது வழித்தோன்றல் என்று பொருள்படும் பழஞ்சொல்லின் சுருக்கம். டொனாலுக்கு அது நேர்ப்பொருளிலேயே பொருந்தியது. அவனுக்குப் பின் வந்தவர்கள் அதையே நிலைத்த பெயராக்கிக்கொண்டார்கள். நடுவில் இன்று நாம் போடும் மேற்கோள் குறி ஆங்கில எழுத்தர்களின் கைவண்ணம். ஐரிஷ் மொழியில் அது கிடையாது.

பிரையன் போரு என்ற மாமன்னன் ஆணையிட்டுத்தான் அயர்லாந்தில் குடும்பப்பெயர்கள் பிறந்தன என்று நெடுங்காலம் நம்பிவந்தார்கள். அவன் பிறப்பதற்கு முன்பே, 916-இல், ஓ'கிளேரி என்ற பெயரோடு கானாக்ட் பகுதித் தலைவன் ஒருவனின் மரணம் ஆண்டுக்குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே ஆணை எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு காரணம். அயர்லாந்தின் பழைய சட்டத்தில் மூத்த மகனுக்கே அரசு என்ற விதி இல்லை. ஒரு கொள்ளுத்தாத்தாவின் வழியில் வந்த ஆண்கள் எல்லோரும், அதாவது நான்கு தலைமுறைப் பங்காளிகள் அனைவரும், தலைமைக்கு உரிமை கோரலாம். தலைமுறைதோறும் போட்டியாளர் பெருகுவார்கள், பெருகியவர்கள் வெட்டிக்கொள்வார்கள். அண்மையில் புகழோடு வாழ்ந்த ஒரு மூதாதையின் பெயரை எடுத்துச் சூடிக்கொண்டால், அவனுக்கு முன்பே கிளை பிரிந்தவர்களெல்லாம் வெளியே நின்றுவிடுவார்கள். குடும்பப்பெயர் பரவியதற்கு இதைவிட வலுவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உறவைச் சேர்த்துக் கட்டியதோடு, உறவினரில் பாதிப்பேரை வெளியே தள்ளவும் அது பயன்பட்டது. அப்படித் தள்ளியதை வாளால் உறுதி செய்ய வேண்டியும் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வட அயர்லாந்தின் தலைமை பெரும்பாலும் மக்லாக்லின் என்ற பங்காளிக் கிளையிடமே இருந்தது. 1241-இல் கேமர்கி என்ற இடத்தில் பிரையன் ஓ'நீல் அந்தக் கிளையின் தலைவனையும் அவனுடைய நெருங்கிய உறவினர் பத்துப் பேரையும் கொன்ற பிறகுதான் தலைமையும் ஓ'நீல் என்ற பெயரும் பிரியாமல் ஒட்டிக்கொண்டன.

அதன்பின் அந்தப் பெயர் ஒரு பதவியாகவே ஆகிவிட்டது. குலத்தில் பிறந்தவர் எல்லோருக்கும் சொந்தப் பெயர் உண்டு. தலைவனை மட்டும் வெறுமே 'ஓ'நீல்' என்று அழைப்பார்கள். டிரோன் நாட்டு டல்லிஹோக் குன்றில் ஒரு கல் இருக்கை இருந்தது. புதிய தலைவனை அதில் அமர்த்தி, ஓ'கஹான் குலத்தலைவன் அவன் தலைக்கு மேலாக ஒரு செருப்பை வீசுவான். அந்தச் சடங்கு முடிந்தால்தான் ஒருவன் ஓ'நீல். ஆங்கில அரசுக்கு இந்த நுட்பம் நன்றாகவே விளங்கியது. 1542-இல் கான் ஓ'நீல் கிரீனிச் சென்று எட்டாம் ஹென்றியிடம் டிரோன் பிரபு என்ற பட்டத்தைப் பெற்றபோது, அதற்கு ஈடாக அவன் விட வேண்டியிருந்தவற்றுள் முக்கியமானது ஓ'நீல் என்ற பெயர்.

இங்குதான் கதை சுவையாகிறது. கான் தன் வாரிசாக ஆங்கில அரசிடம் பதிவு செய்தது மேத்யூ என்பவனை. டண்டாக் ஊரில் கெல்லி என்ற கொல்லனின் மனைவிக்குப் பிறந்தவன் இந்த மேத்யூ. பதினாறு வயதுவாக்கில், இவன் உன் பிள்ளை என்று தாய் கொண்டுவந்து நிறுத்த, கான் ஏற்றுக்கொண்டான். இதைக் கானின் தனிப்பட்ட தாராளம் என்று நினைக்கக் கூடாது. தாய் பெயர் சொல்லித் தந்தை ஒப்புக்கொண்டால் பிள்ளைக்கு முழு உரிமை உண்டு என்பது அந்த நாட்டு வழக்கம். கானின் இன்னொரு மகனான ஷேன் இதை ஏற்கவில்லை. 1562-இல் லண்டன் சென்று எலிசபெத்தின் முன் நின்றபோது அவன் வைத்த வாதமே, மேத்யூ ஒரு கொல்லன் மகன் என்பதுதான். வேடிக்கை என்னவென்றால், மேத்யூவைத் தள்ளிவிட ஷேன் கையில் எடுத்தது ஆங்கிலேயர் மதிக்கும் சட்டபூர்வப் பிறப்பு என்ற வாதம். தான் தலைவனானதற்குக் காட்டியதோ பழைய மரபுப்படி தன் மக்கள் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. அதற்குள் மேத்யூ ஷேனின் ஆட்களால் கொல்லப்பட்டிருந்தான்.

அந்த மேத்யூவின் மகன்தான் ஹ்யூ ஓ'நீல், அந்தப் பெயரைத் தாங்கியவர்களிலேயே பெரியவன். 1569 சட்டம் கையிலிருந்தும் பயனில்லை: ஷேனுக்குப் பின் டர்லக் என்பவன் அதே பெயரோடு ஆண்டான், அவன் 1595-இல் இறந்ததும் ஹ்யூ டல்லிஹோக்கில் கல் இருக்கை ஏறினான். அவன் ஏற்கெனவே டிரோன் பிரபு. ஆங்கிலேயர் வீட்டில் வளர்ந்தவன். பிரபு என்ற பட்டம் லண்டனில் செல்லும். படை திரட்ட வேண்டுமானால் ஓ'நீலாக வேண்டும். 1598-இல் யெல்லோ ஃபோர்டில் ஆங்கிலப் படையை அவன் சிதறடித்தான். 1601-இல் கின்சேலில் தோற்றான். அடுத்த ஆண்டு ஆங்கிலத் தளபதி மவுன்ட்ஜாய் பிரபு டல்லிஹோக்குக்கு வந்து அந்தக் கல்லை உடைத்தெறிந்தார். 1603 மார்ச் இறுதியில் மெல்லிஃபாண்டில் ஹ்யூ பணிந்தபோது நிலத்தின் பெரும்பகுதி அவனிடமே திரும்பியது, பெயரை மட்டும் துறக்கச் சொன்னார்கள். (எலிசபெத் சில நாள் முன்பே இறந்துவிட்டதை அவனிடம் மறைத்துத்தான் அந்த ஒப்பந்தத்தை முடித்தார்கள்.) 1607-இல் அவன் கப்பலேறினான், 1616-இல் ரோமில் இறந்தான்.

பெயர் ரத்தத்தின் பதிவு அன்று என்ற இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. ஒரு கொல்லன் கதையை வைத்துக்கொண்டு, பரம்பரைப் புலவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த குலவரிசையை எல்லாம் தள்ளிவிட முடியுமா? முடியாது. அந்த வரிசைகள் மேலே போகப் போக ஆதாம்வரை நீண்டு நகைப்புக்கிடமாகின்றன என்றாலும், பத்தாம் நூற்றாண்டுக்குப் பிந்திய பகுதி ஆண்டுக்குறிப்புகளோடு பெரிதும் ஒத்துப்போகிறது. ஆனால் அவை எதைப் பதிவு செய்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். யார் யாருடைய மகனாக ஏற்கப்பட்டான் என்பதை அவை சொல்கின்றன. மேத்யூவும் கானின் மகனாக ஏற்கப்பட்டவன்தான். ஏட்டில் பிழையில்லை, ஏடு பேசுவது சட்டத்தை, உயிரியலை அன்று.

உயிரியலே வந்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. 2006-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், வடமேற்கு அயர்லாந்து ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் ஒய் குரோமோசோமில் ஒரே வகை மரபுக்குறி இருப்பதைக் கண்டார்கள். தந்தை வழியாக மட்டுமே இறங்கும் குறி அது. நியாலின் ரத்தம் கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. கலஹர், டோஹர்ட்டி போன்ற வடமேற்குப் பெயர்களோடு அந்தக் குறி நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் நியாலின் சகோதரர் வழி என்று சொல்லிக்கொள்ளும் கானாக்ட் குடும்பங்களிலும் அது இருக்கிறது. அப்படியானால் அதன் மூலவர் நியாலுக்கு முந்தியவர் என்று கொள்ள வேண்டும். நமக்கு இன்னும் முக்கியமானது வேறு: ஓ'நீல் என்ற பெயருடைய பலரிடம் அந்தக் குறியே இல்லை. மரபணு ஒரு பெரிய உறவுக்கூட்டம் இருந்ததை உறுதி செய்கிறது. பெயர் அந்தக் கூட்டத்தின் எல்லைக்கோட்டைப் பின்பற்றவில்லை என்பதையும் அதுவே காட்டிவிடுகிறது.

இதெல்லாம் தலைவர்கள் சங்கதி, சாதாரண ஓ'நீல் குடியானவனுக்குப் பொருந்தாது என்றும் சொல்லலாம். அவனிடம் பெயர் அரசியலாக இல்லை, உண்மைதான். ரத்தமாகவும் இல்லை. கிளேர், வாட்டர்ஃபோர்டு, கார்லோ பகுதிகளில் அல்ஸ்டரோடு தொடர்பே இல்லாத தனித்தனி ஓ'நீல் குடும்பங்கள் இருந்தன. அவர்களுடைய நியால் வேறு ஆள். ஆங்கில ஆட்சியில் பலர் 'ஓ'வை உதிர்த்து வெறும் நீல் ஆனார்கள். 1893-இல் கேலிக் சங்கம் தோன்றி ஐரிஷ் மொழிப்பற்று பெருகியபோது உதிர்ந்த முன்னொட்டுகளை மக்கள் மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். எல்லோரும் சரியாக ஒட்டிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒருகாலத்தில் மக்கார்மனாக இருந்த குடும்பத்தார் இன்று ஓ'கார்மன் என்றே அறியப்படுகிறார்கள்.

இந்தப் பெயர் போய்ச் சேர்ந்த இடங்களில் மிக வியப்பானது வட அயர்லாந்து அரசு இயங்கும் ஸ்டார்மன்ட் மாளிகை. 1963 முதல் 1969 வரை வட அயர்லாந்தின் பிரதமராக இருந்தவர் டெரன்ஸ் ஓ'நீல். அவருடைய ஆண்வழி முன்னோர் சிசெஸ்டர் குடும்பத்தார். ஹ்யூ நாட்டைவிட்டுப் போனபோது அயர்லாந்தில் ஆங்கில ஆட்சியை நடத்தி, ஓ'நீல் நிலங்களில் குடியேற்றம் நடக்க வழிசெய்த ஆர்தர் சிசெஸ்டரின் குடும்பம் அது. 1855-இல் ஓ'நீல் கிளையொன்றின் சொத்து வாரிசில்லாமல் போக, பெண்வழி உறவால் அதைப் பெற்ற வில்லியம் சிசெஸ்டர் அரச அனுமதியோடு பெயரை மாற்றிக்கொண்டார். சொத்தோடு பெயரும் கைமாறியது. 2024 பிப்ரவரியில் அதே ஸ்டார்மன்டில் முதலமைச்சரான மிஷெல் ஓ'நீல், ஐரிஷ் தேசியவாதிகளிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல் ஆள். அவருக்குப் பெயர் கிடைத்தது திருமணத்தால். பழைய கேலிக் மரபிலோ மணமான பெண் தந்தைவழிப் பெயரையே வைத்திருப்பாள். கணவன் பெயரைச் சூடும் வழக்கம் ஆங்கிலேயரோடு வந்தது.

சுதந்திர அயர்லாந்தும் இந்தப் பெயர்களை விட்டுவைக்கவில்லை. 1944 முதல் அரசின் மரபுவழி அலுவலகம் பழைய குலங்களின் தலைவர்களை மரியாதைக்காக அங்கீகரித்து வந்தது. அங்கீகாரம் பெற்றவர்களுள் ஓ'நீல் கிளையைச் சேர்ந்த, போர்ச்சுகலில் குடியேறிய குடும்பமும் ஒன்று. தேர்வுக்கு அவர்கள் பயன்படுத்திய விதி மூத்த மகன் வழி. டல்லிஹோக்கில் அமர்ந்த எவனும் அதை ஏற்றிருக்க மாட்டான். கானும் ஹென்றியும் கையெழுத்திட்டபோது புகுத்தப்பட்ட ஆங்கில விதி அது. பிறகு, மக்கார்த்தி குலத் தலைவராக 1992-இல் ஏற்கப்பட்ட ஒருவரின் வம்சாவளி போலி என்று தெரியவந்து 1999-இல் அந்த அங்கீகாரம் ரத்தானது. இப்படி அங்கீகாரம் வழங்கச் சட்டத்தில் இடமே இல்லை என்று அட்டர்னி ஜெனரல் கருத்துச் சொல்ல, 2003-இல் அரசு அந்த வேலையை முற்றாகக் கைவிட்டது.