49 பாட் டிக்கெட்

2019 நவம்பரில், பாங்காக்கின் ஹுவாலம்போங் நிலையத்திலிருந்து காலை ஆறு மணிக்குச் சற்று முன் கிளம்பும் மூன்றாம் வகுப்பு ரயிலில் ஏறினேன். கம்போடிய எல்லை வரை சுமார் 255 கிலோமீட்டர்; கட்டணம் 49 பாட். நம் பணத்தில் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஏசி கிடையாது. திறந்த ஜன்னல், தலைக்கு மேல் விசிறி, பாலிதீன் பையில் சுடச்சுடப் பசையரிசிச் சோறும் சுட்ட கோழியும் விற்றுப் போகும் பெண்கள். ஆறு மணி நேரமும் வயல்கள்.

எல்லையில்தான் கவனம் வேண்டும். ரயிலை விட்டிறங்கி நான் ஏறிய டுக்டுக்காரர் என்னை நேராக ஒரு 'விசா அலுவலகத்தில்' இறக்கினார். அங்கே 30 டாலர் விசாவுக்கு ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். இதை மட்டும் நினைவில் வையுங்கள்: முதலில் தாய்லாந்தின் வெளியேறும் முத்திரை, அதைத் தாண்டி நடந்த பிறகே கம்போடிய விசா. முன்னதாக யார் கேட்டாலும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு முத்திரைகளுக்கும் நடுவே சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. தாய்லாந்தில் இடப்பக்கம் ஓடிய வண்டிகள், கம்போடியப் பக்கமுள்ள போய்பெட்டில் வலப்பக்கம் ஓடுகின்றன. சாலையைக் கடக்கும்போது தலை தானாகவே தவறான பக்கம் திரும்புகிறது.

பகிர்வு டாக்சியில் இன்னும் 150 கிலோமீட்டர். நான் போகவேண்டிய சியாம்ரீப் நகரை இருட்டிய பிறகே அடைந்தேன்.

2025 ஜூனில், இரு நாட்டு மோதலால் இந்த எல்லை பயணிகளுக்கு மூடப்பட்டது. கிளம்பும் முன் நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.