வேலை போனால் உதவித்தொகை: சட்டத்தில் உண்டு, கைக்கு எட்டுவதில்லை

புது தில்லி: வேலையை இழந்த தொழிலாளிக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் இந்தியாவில் இருப்பது தொழிலாளர்களிலேயே பலருக்குத் தெரியாது. இருப்பது ஒன்றல்ல, இரண்டு. ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில் 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டம். தேசிய ஜனநாயகக் கூட்டணி ஆட்சியில் 2018-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். இரண்டையும் நடத்துவது இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகமே.

ஆட்சிகள் மாறின, திட்டத்துக்குச் சூட்டப்படும் தலைவரின் பெயரும் மாறியது. ஆனால், வேலையிழந்தவரின் கைக்குப் பணம் வந்து சேரும் பாதை மட்டும் அகலவில்லை. நாட்டின் முன்னணித் தொழில் நகரங்களுள் ஒன்றான மகாராஷ்டிர மாநிலம் புணே இதற்கு நல்ல உதாரணம். பிம்ப்ரி-சிஞ்ச்வட், போசரி, சாக்கண், தளேகாவ், ராஞ்சண்காவ் என நீளும் ஆலைப் பகுதிகளும், ஹிஞ்சவடியின் மென்பொருள் வளாகங்களும் கொண்ட இந்த வட்டாரத்தில், இந்தத் திட்டங்கள் யாரை விட்டுவிடுகின்றன என்பதைத் தெளிவாகக் காண முடிகிறது.

திட்டங்கள் சொல்வது என்ன?

ஆலை மூடப்பட்டதாலோ, ஆட்குறைப்பாலோ, பணியில் நேராத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டதாலோ வேலை இழந்தவருக்கு உரியது 2005-ஆம் ஆண்டுத் திட்டம். தொடக்கத்தில் 5 ஆண்டுகள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்றும், 6 மாதங்களுக்கு மட்டுமே உதவித்தொகை என்றும் இருந்தது. பின்னர் விதிகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. 2 ஆண்டுச் சந்தா போதும் என்றாகி, முதல் 12 மாதங்களுக்கு ஊதியத்தில் 50 சதவீதமும், அடுத்த 12 மாதங்களுக்கு 25 சதவீதமும் என உதவி நீட்டிக்கப்பட்டது. அக்காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் உண்டு.

2018-ஆம் ஆண்டுத் திட்டம் இதைவிடச் சிறியது. வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாள்களுக்கு, சராசரி நாள் ஊதியத்தில் 25 சதவீதம் என்று அது தொடங்கியது. வேலை இழந்து 90 நாள்கள் கழித்தே விண்ணப்பிக்கலாம், அதுவும் பழைய முதலாளி வழியாகவே அனுப்ப வேண்டும் என்றும் நிபந்தனை இருந்தது. வேலையிலிருந்து அனுப்பியவரிடமே போய் நிற்கச் சொன்ன இந்த நிபந்தனை கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அறிவிக்கப்பட்ட பொது முடக்கம் அரசைச் சற்று இறங்கிவர வைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் உதவித்தொகை 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. காத்திருப்புக் காலம் 30 நாள்களாகக் குறைந்தது. முதலாளியின் துணையின்றி இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் நேரடியாக விண்ணப்பிக்க வழி பிறந்தது. நவம்பரில் முத்திரைத்தாள் பிரமாணப் பத்திரமும் தேவையில்லை என அறிவிக்கப்பட்டது. சோதனை முயற்சியாக இரண்டே ஆண்டுகளுக்கு எனத் தொடங்கப்பட்ட இத்திட்டம் நிரந்தரமாக்கப்படாமல், அவ்வப்போது கால நீட்டிப்பு பெற்றே நடந்துவந்துள்ளது. 2024-இல் அளிக்கப்பட்ட நீட்டிப்பு 2026 ஜூன் 30 வரையிலானது.

இஎஸ்ஐ ஊதிய வரம்பான மாதம் ரூ.21,000-ஐ முழுமையாகப் பெற்ற ஒரு தொழிலாளியின் நாள் ஊதியம் சராசரியாக ரூ.700. அதில் பாதி ரூ.350. 90 நாள்களுக்கும் சேர்த்து அவர் பெறக்கூடியது ரூ.31,500. 2019 ஜூலை முதல் தொழிலாளி 0.75 சதவீதமும், முதலாளி 3.25 சதவீதமும் சந்தா செலுத்துகின்றனர். அந்தத் தொழிலாளியின் பெயரில் மாதந்தோறும் இஎஸ்ஐ-க்குச் சேருவது ரூ.840. எனவே, உதவித்தொகை அரசு போடும் பிச்சை அல்ல. தொழிலாளியின் உழைப்பிலிருந்து திரண்ட நிதியே அவருக்குத் திரும்பி வருகிறது.

விண்ணப்பத்தின் பாதை

காகிதத்தில் நடைமுறை எளிது. வேலை இழந்து 30 நாள்கள் கழிந்த பின், இஎஸ்ஐ இணையதளத்தில் காப்பீட்டு எண்ணைக் கொண்டு விண்ணப்பம் பதிய வேண்டும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணுடன் இணைந்திருக்க வேண்டும். கிளை அலுவலகம் சந்தா விவரத்தைச் சரிபார்த்து, தொகையை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தும். தளர்த்தப்பட்ட விதியின்படி, வேலை இழப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் எனப் பிரிக்கப்பட்ட சந்தா காலங்களில், கடைசிக் காலத்தில் குறைந்தது 78 நாள்களும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதேனும் ஒன்றில் 78 நாள்களும் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

சிக்கல் விண்ணப்பத்தில் தொடங்குவதில்லை. வேலையிலிருந்து அனுப்பப்பட்ட நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு மாதமும் சந்தாக் கணக்கைப் பதிவு செய்யும் நிறுவனம், வேலைக்கு வராத தொழிலாளியின் பெயருக்கு எதிரே ஒரு காரணக் குறியீட்டைத் தேர்வு செய்கிறது. 'பணியிலிருந்து விலகினார்', 'ஓய்வு பெற்றார்', 'ஆட்குறைப்பு', 'வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு', 'வேலை இல்லை' என அந்தப் பட்டியல் நீளும். பதிவு செய்வது முதலாளி. அதன் விளைவைச் சுமப்பது தொழிலாளி.

இந்தச் சொற்கள் வெறும் அலுவலக வழக்கு அல்ல. 2005-ஆம் ஆண்டுத் திட்டத்தில் விருப்ப ஓய்வு பெற்றவர், தாமாக வேலையைக் கைவிட்டவர், ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர் ஆகியோருக்கு உதவி கிடையாது. கதவடைப்புக் காலத்துக்கும் கிடையாது. 2018-ஆம் ஆண்டுத் திட்டமும் விருப்ப ஓய்வு பெற்றோரை விலக்குகிறது. ஒருவர் வேலையை இழந்தார் என்பது மட்டும் போதாது, எந்தச் சொல்லால் இழந்தார் என்பதே உதவித்தொகையை முடிவு செய்கிறது.

புணே காட்டும் மூன்று தடைகள்

முதல் தடை ஊதிய வரம்பு. ரூ.21,000 என்ற வரம்பு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெரிய வாகன ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இதைவிடக் கூடுதலாகவே பெறுகின்றனர். மென்பொருள் ஊழியர்களின் நிலையும் அதுவே. வரம்பைத் தாண்டியவருக்கு இஎஸ்ஐ இல்லை. இஎஸ்ஐ இல்லாதவருக்கு இந்த உதவியும் இல்லை.

தளேகாவில் 2008-இல் தொடங்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2020 டிசம்பரில் உற்பத்தி நின்றது. 2021 ஏப்ரலில் 1,419 தொழிலாளர்களுக்கு 'லே-ஆஃப்' அறிவிக்கப்பட்டது. தொழிலாளர்கள் நீதிமன்றங்களை நாடினர். சீனாவின் கிரேட் வால் நிறுவனம் ஆலையை வாங்கும் முயற்சி 2022-இல் கைவிடப்பட்டது. 2023 ஆகஸ்டில் ஹுண்டாய் நிறுவனம் ஆலையின் நிலம், கட்டடங்கள், சில இயந்திரங்கள் ஆகியவற்றை வாங்க ஒப்பந்தம் செய்தது. பழைய தொழிலாளர்கள் தங்களுக்கு வேலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தனர். லே-ஆஃப் என்பது சட்டத்தின் பார்வையில் ஆட்குறைப்பு அல்ல, வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதே. வாசல் மூடியிருந்தாலும், அந்தத் தொழிலாளர்கள் 'வேலையற்றோர்' என்ற வரையறைக்குள் வரவில்லை.

இரண்டாவது தடை ஒப்பந்த முறை. சாக்கண், ராஞ்சண்காவ் ஆலைகளில் குறைந்த ஊதியத்தில் உழைப்போரில் பெரும்பகுதியினர் ஒப்பந்ததாரர் வழியாக வருபவர்கள். மராட்டவாடா, விதர்பா பகுதிகளிலிருந்தும் பிகார், உத்தரப் பிரதேச மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் இவர்களில் அதிகம். ஊதியத்தைப் பார்த்தால் இவர்களே இஎஸ்ஐ வளையத்துக்குள் இருக்க வேண்டியவர்கள். ஆனால், ஒப்பந்ததாரர் மாறும்போது சந்தாத் தொடர் அறுபடுகிறது. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே காப்பீட்டு எண் என்பது விதி. புதிய ஒப்பந்ததாரர் பழைய எண்ணைக் கேட்காமல் புதிய எண்ணைப் பதிவு செய்தால், முந்தைய ஆண்டுகளின் சந்தா வேறொரு கணக்கில் கிடக்கும். தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் பணியாற்றுவோருக்கு இஎஸ்ஐ-யே கிடையாது.

மூன்றாவது தடை ராஜிநாமாக் கடிதம். பஜாஜ் ஆட்டோ நிறுவனம் 2007 செப்டம்பரில் ஆகுர்டி ஆலையில் உற்பத்தியை நிறுத்தியபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு முன்வைக்கப்பட்ட வழி விருப்ப ஓய்வு. 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் தனது பணியாளர்களில் 2 சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. புணேயில் மட்டும் 2,500 பேர் வரை ராஜிநாமா செய்ய வற்புறுத்தப்பட்டனர் என்று, அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 'நைட்ஸ்' என்ற தகவல் தொழில்நுட்ப ஊழியர் அமைப்பு குற்றம்சாட்டியது. நிறுவனம் அதை மறுத்தது. இந்த விவகாரத்தில் எது உண்மையாக இருந்தாலும், கையெழுத்திட்ட கடிதம் ஒன்று இருக்கும்போது அதைக் கட்டாயத்தின்பேரில் எழுதியதாக நிரூபிக்க வேண்டிய சுமை ஊழியர் தலையிலேயே விழுகிறது.

தமிழகத்துக்கு இது புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடப்படுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தனர். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது, பேச்சு முழுவதும் இழப்பீட்டுத் தொகையைச் சுற்றியே நடந்தது. இழப்பீடு முதலாளி தருவது. வேலையின்மைக் காப்பீடு அரசின் பொறுப்பு. முதலாவதை வாங்கும் கையெழுத்து இரண்டாவதை ரத்து செய்துவிடுகிறது.

எதிர்பார்ப்பும் கணக்கும்

2020 ஆகஸ்டில் விதிகள் தளர்த்தப்பட்டபோது 30 முதல் 40 லட்சம் தொழிலாளர்கள் பயனடைவர் எனப் பேசப்பட்டது. ஆனால், 2021-இல் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த விவரங்களின்படி பயன் பெற்றோர் ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. பொது முடக்கத்தில் வேலை போகவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. வேலை இழந்தவர்கள் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள் என்பதே பொருள்.

எஞ்சியிருப்பது வருங்கால வைப்பு நிதி. அது தொழிலாளியின் சொந்தச் சேமிப்பு, முதுமைக்கானது. அதிலும் 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு, வேலை இழந்தவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம் என்றும், மீதமுள்ள 25 சதவீதத்துக்கு 12 மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்றும் முடிவெடுத்தது. அதற்கு முன்பு இந்தக் காத்திருப்பு இரண்டு மாதங்களாக இருந்தது.

ஹுண்டாயின் தாயகமான தென் கொரியாவில் 1995-ஆம் ஆண்டு முதல் வேலைவாய்ப்புக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. வயதையும் சந்தா செலுத்திய காலத்தையும் பொருத்து 120 முதல் 270 நாள்கள் வரை உதவித்தொகை கிடைக்கிறது. தாமாக வேலையை விட்டவருக்கு அங்கும் உதவி இல்லை. ஆனால், நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் அளித்த ராஜிநாமாவை அந்நாடு தன்விருப்ப விலகலாகக் கருதுவதில்லை. ஊதியம் நிலுவையில் இருந்ததால் விலகியவரும் உதவி கோரலாம். அங்கு கடிதத்தின் தலைப்போடு விசாரணை முடிந்துவிடுவதில்லை, காரணமும் ஆராயப்படுகிறது.

மீண்டும் வேலைக்கு

உதவித்தொகை பெறுபவருக்குப் புதிய வேலை கிடைத்தால், அந்த நாளோடு தொகை நின்றுவிடும். 2005-ஆம் ஆண்டுத் திட்டத்தில் எஞ்சிய காலத்தைப் பின்னொரு வேலையிழப்பின்போது பயன்படுத்த இடமுண்டு. இதற்காகவாவது புதிய நிறுவனத்தில் பழைய காப்பீட்டு எண்ணையே கொடுப்பது அவசியம்.

2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் முதலாளி 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும், அது 45 நாள்களுக்குள் தொழிலாளியின் கணக்குக்குச் சேர வேண்டும் என்றும் தொழில் உறவுத் தொகுப்பு கூறுகிறது. ஆட்குறைப்புக்குப் பின் ஓராண்டுக்குள் அதே முதலாளி ஆளெடுத்தால், பழைய தொழிலாளிக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் விதித்துள்ளது.

ஆனால், அதே தொகுப்பு 'ஆட்குறைப்பு' என்ற சொல்லின் வரையறையிலிருந்து விருப்ப ஓய்வையும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமையையும், குறித்த காலப் பணி முடிவடைவதையும் விலக்கி வைத்துள்ளது. ஆலைகளில் குறித்த காலப் பணி பெருகப் பெருக, ஆட்குறைப்பு என்ற சொல்லுக்குள் வருவோர் குறைந்துகொண்டே போவார்கள். முன் அனுமதியின்றி ஆலையை மூடவோ ஆட்குறைப்பு செய்யவோ இயலாத நிறுவனங்களின் தொழிலாளர் எண்ணிக்கை வரம்பும் 100-லிருந்து 300-ஆக உயர்த்தப்பட்டுவிட்டது.

கிராமப்புறத்தில் வேலை கேட்போருக்கு வேலை அளிப்பதைச் சட்டக் கடமையாக 1977-இலேயே ஏற்ற மாநிலம் மகாராஷ்டிரம். அதன் ஆலைத் தொழிலாளிக்கு அப்படியொரு உறுதி இன்றுவரை இல்லை. ஊதிய வரம்பை உயர்த்த வேண்டும் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. அது மட்டும் போதாது. வேலை எப்படிப் போனது என்று முதலாளி பதியும் குறியீட்டைத் தொழிலாளி மறுத்து முறையிட வழி வேண்டும். கேட்டு வாங்கப்பட்ட ராஜிநாமாவும், முடிந்துபோன ஒப்பந்தமும் வேலையிழப்பாகவே கணக்கிடப்பட வேண்டும். கால நீட்டிப்பில் ஓடும் திட்டம் நிரந்தரச் சட்ட உரிமையாக வேண்டும். இவற்றுக்குப் புதிய வரி எதுவும் தேவையில்லை. மாதந்தோறும் பிடித்தம் செய்யப்படும் சந்தாவுக்கு உரிய பொருளை அளித்தாலே போதும்.