கடற்கரைக்குப் போய் வரலாமா?

நீண்ட சிகிச்சை முடிந்து வீடு திரும்பியோர், மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் தயக்கத்துடன் கேட்கும் வினாக்களுள் இதுவும் ஒன்று. பல வேளைகளில் அவர்கள் கேட்டு முடிக்குமுன் உடன் வந்தவரே விடையைச் சொல்லிவிடுகிறார்: "அதெல்லாம் வேண்டாம், உப்புக்காற்று ஒத்துக்கொள்ளாது."

எங்கள் விடை வேறு. பெரும்பாலோர் போகலாம். மாதக்கணக்கில் நான்கு சுவர்களுக்குள் இருந்தவருக்குத் திறந்த வானமும் குடும்பத்தாருடன் கழியும் ஒரு மாலைப்பொழுதும் மனத்திற்கு அளிக்கும் தெம்பு சிறிதன்று. ஆனால் குடும்பத்தார் அஞ்சும் இடம் ஒன்றாகவும், ஆபத்து இருக்கும் இடம் வேறாகவும் இருப்பதை நாங்கள் காண்கிறோம். காற்றுக்கு அஞ்சிக் காதை மூடிக்கொள்பவர், வெறுங்காலுடன் மணலில் இறங்குகிறார். பேரலைக்கு அஞ்சுபவர், அலையில்லாத இடத்தைத் தேடிக் குழந்தையை நீரில் நிறுத்துகிறார். எனவே கவனிக்க வேண்டியவற்றை இங்கே விளக்குகிறோம்.

மணலில் நடை

உலர்ந்த மணலில் கால் புதையும். ஒவ்வொரு அடியிலும் உடல் கூடுதலாக உழைக்க வேண்டும். சமதரையில் நடப்பதைவிட, அதே வேகத்தில் மணலில் நடப்பதற்கு இரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றல் செலவாகிறது. சென்னை மெரினாவில் மணற்பரப்பின் சராசரி அகலம் ஏறத்தாழ 300 மீட்டர். நீர்விளிம்புவரை சென்று திரும்பினால் 600 மீட்டர். உடலின் கணக்கில் அது 1,200 மீட்டருக்கும் மேல்.

போகும்போது உற்சாகத்தில் களைப்புத் தெரியாது; திரும்பும் வழியில்தான் மூச்சு வாங்கும். ஆகவே இதய நோய், நுரையீரல் நோய் உள்ளோர் கரையோர நடைபாதையிலேயே நடப்பது நலம். மணலில் இறங்கினால், பாதி வலிமை எஞ்சியிருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் அங்கேயே அமர வேண்டும். குறையாவிடில் 108-ஐ அழைக்க வேண்டும். மார்பெலும்பைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், மருத்துவர் ஒப்புதல் தரும்வரை பட்டம் விடுதல், பந்து எறிதல், குழந்தையைத் தூக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

உணர்வற்ற காலடி

நீரிழிவு நெடுநாள் நீடித்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கக்கூடும். வெயிலில் காய்ந்த மணலில் ஒரு குழந்தை கால் வைத்தால் உடனே துள்ளி விலகும். உணர்விழந்த பாதமோ விலகாது. சுடுவதே அதற்குத் தெரியாது. கிளிஞ்சலும் கண்ணாடித்துண்டும் கிழித்தாலும் அப்படியே. சில நாட்களுக்குப் பின் செருப்பில் ஈரத்தையோ துர்நாற்றத்தையோ கண்டபின்தான் புண் இருப்பதே வெளிப்படும். அந்தத் தாமதமே சிறிய காயத்தைப் பெரிய அறுவை சிகிச்சைக்குக் கொண்டுசெல்கிறது.

ஆதலால் நீரிழிவு உள்ளோர் மணலில் ஓரடிகூட வெறுங்காலுடன் நடத்தலாகாது. பாதத்தை மூடிய, நன்கு பொருந்தும் காலணி வேண்டும். இடையிடையே அதைக் கழற்றி உள்ளே புகுந்த மணலை உதற வேண்டும். வீடு திரும்பியதும் பாதங்களைச் சாதாரண நீரில் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலை உறவினர் ஒருவர் விளக்கொளியில் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடங்கள் போதும். காயமோ கொப்புளமோ தென்பட்டால் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அமைதியாகத் தோன்றும் நீர்

கரையில் மோதும் அலைநீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். சில இடங்களில் அது ஒரு குறுகிய வாய்க்கால்போல் ஒன்றுசேர்ந்து கடல்நோக்கி விரைகிறது. இதனை இழுவை நீரோட்டம் என்பர். அது ஓடும் இடத்தில் அலைகள் உடைவது குறைவு. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் மட்டும் நீர் அடங்கியிருப்பதைக் கண்டு, குளிக்க ஏற்ற இடம் என மக்கள் அங்கேயே இறங்குகின்றனர். மெரினாவில் கடற்குளியல் தடைசெய்யப்பட்டிருப்பது வெற்று விதியன்று.

இதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்குவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நீரோட்டத்தை விட்டு விலகியபின் கரைக்குத் திரும்ப வேண்டும். காப்பாற்ற எண்ணிப் பின்னால் குதிப்பவரும் உயிரிழப்பதுண்டு. உதவிக்குக் குரல் கொடுத்து, கயிறு, பந்து, மூடிய காலி கேன் போன்றவற்றை எறிவதே முறை.

மீட்கப்பட்டவர் மூச்சின்றிக் கிடந்தால், வயிற்றை அமுக்கியோ தலைகீழாகத் தூக்கியோ நீரை வெளியேற்ற முயல வேண்டாம். 108-ஐ அழைத்து, பயிற்சி பெற்றவர் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் அளிக்க வேண்டும்.

நீரில் இறங்கக் கூடாதோர்

ஆறாத தையல், திறந்த புண், டயாலிசிஸ் குழாய் ஆகியவற்றில் கடல்நீர் படலாகாது. கல்லீரல் நோயும் எதிர்ப்புச் சக்திக் குறைவும் உள்ளோருக்குச் சிறு கீறல் வழியாகவும் கடல்நீர்க் கிருமிகள் கடும் தொற்றை விளைவிக்கக்கூடும். வலிப்பு நோய் உள்ளோர் தனியே நீரில் இறங்கக் கூடாது. டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா அமைத்துக்கொண்டவர், பந்து விளையாட்டில் அக்கையில் அடிபடாமல் காக்க வேண்டும். மற்றவர்களும் கணுக்கால் அளவோடு நிற்பதே நன்று.

புறப்படுமுன்

காலை வெயில் ஏறுமுன், அல்லது மாலை வெயில் தாழ்ந்தபின் செல்லுங்கள். டாக்சிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதையசைடு, அமியோடரோன் போன்ற மருந்துகள் தோலை வெயிலுக்கு எளிதில் ஆளாக்குபவை. அவற்றை உட்கொள்வோர் முழுக்கைச் சட்டையும் குடையும் கொள்க. இன்சுலின் செலுத்திக்கொள்வோர் சர்க்கரை அல்லது மிட்டாய் வைத்திருக்க வேண்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுச்செல்லலாகாது. குடிநீர் அளவில் கட்டுப்பாடு உள்ளோர் அதை அங்கும் மீற வேண்டாம்.

நடக்க இயலாதோர் கடலை மறந்துவிட வேண்டியதில்லை. மெரினாவில் சக்கர நாற்காலியுடன் நீரருகே செல்ல 2022 நவம்பரில் மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமுற்ற அப்பாதை பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. அடுத்த முறை வீட்டில் ஒருவர் கடலைப் பார்க்க விரும்பினால், "வேண்டாம்" என்று சொல்லுமுன் எங்களிடம் ஒரு சொல் கேளுங்கள். எதுவரை செல்லலாம் என்பதை அவரவர் நோய்க்கேற்ப நாங்கள் கூறுவோம்.