வலிப்பு வேறு, விசர் வேறு

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, மலையகப் புகையிரதப் பாதையில் உள்ளது றொசல்ல. இத்தகைய தேயிலைத் தோட்டங்களில், லயத்து வாசலில் ஒரு நாய் திடீரென விழுந்து, கால்களை உதைத்து, நுரை தள்ளுமாயின், "விசர் நாய்" என்று கல்லெடுப்போர் உண்டு. விசர் கண்ட நாய்க்கும் வலிப்பு வரலாம். ஆயின் அது மீள்வதில்லை, சில நாட்களில் மாண்டுவிடும். வலிப்பு நோய் மட்டுமுள்ள நாயோ சில நிமிடங்களில் தெளிந்து, சற்றுத் தடுமாறிப் பின் பழையபடி வாலாட்டும். ஆகவே அறியாத நாயாயின் விலகி நின்று மிருக வைத்தியருக்கு அறிவித்தலே முறை, கல்லெறிதல் அன்று.

வலிப்புள்ள நாயை ஏற்று வளர்ப்போர் அறியவேண்டியவை சிலவே. வலிப்பின்போது வாயில் கைவிடலாகாது, நீர் புகட்டலாகாது, இரும்புத் துண்டு கொடுப்பதாற் பயனில்லை. படியும் கானும் அடுப்பும் அண்டாமற் காத்து, கடிகாரத்தைப் பார்த்தல் வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தாலோ, ஒரே நாளில் மீண்டும் வந்தாலோ வைத்தியரை உடனே நாடல் வேண்டும்.

1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரெட் ஹாப்ட்மான் மனிதரின் வலிப்புக்குப் பயன்கண்ட பீனோபார்பிட்டோன் மருந்தே இன்று நாய்களுக்கும் பெரிதும் வழங்கப்படுகிறது. அது நோயை வேரறுப்பதன்று, அடக்கி வைப்பது. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகும். எனவே காலையும் மாலையும், கொழுந்து பறிக்கும் நாளிலும் திருவிழா நாளிலும், வேளை தவறாது மாத்திரை கொடுக்க வீட்டில் ஒருவர் உண்டா என்பதே நாயை ஏற்குமுன் எழவேண்டிய கேள்வி.