சாக்கடையில் தொடங்கும் தீவுப் பாதுகாப்பு

சுற்றுலாத் தீவு ஒன்று பாதுகாப்பானதா என்று விசாரிக்கும்போது திருட்டு, படகு விபத்து, புயல் ஆகியவைதான் பேச்சில் வரும். அங்கே கழிவுநீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவுக்கு நேர்ந்ததைப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட அந்தத் தீவுக்கு 2017இல் ஏறத்தாழ 20 லட்சம் பேர் வந்தார்கள். விடுதிகள் பெருகிய வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை ஈடுகொடுக்கவில்லை. பல கட்டடங்கள் மழைநீர் வடிகாலிலேயே கழிவைத் திறந்துவிட்டன. 2015இல் புலாபோக் கடற்கரையில், வடிகால் கடலைச் சேரும் இடத்தில், 100 மில்லிலிட்டர் நீரில், கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவின் அளவு 47,000ஐத் தாண்டியிருந்தது. குளிக்க ஏற்ற நீருக்கான வரம்பு 1,000தான்! 2018 ஏப்ரல் 26 அன்று அரசு தீவையே ஆறு மாதங்களுக்கு மூடியது.

கடல் பெரியது, எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் சுற்றுலாப் பயணிகள் குளிப்பது ஆழ்கடலில் அல்ல, பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமற்ற நீரில். கழிவுநீரோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அங்கே பாசிக்கு உரமாகின்றன. சத்துக் குறைந்த தெளிந்த நீரில் வாழப் பழகிய பவளம் அந்தப் பாசியிடம் தோற்றுப்போகிறது. போராகாயின் புகழுக்குக் காரணமான வெண்மணலே பவளமும் சிப்பியும் பொடிந்து உருவானதுதான். புயல் அலையின் வேகத்தைக் கரைக்கு முன்பே உடைப்பதும் பவளத்திட்டுதான். ஆக, இன்று குளிப்பவருக்கு வயிற்றுப்போக்கைத் தரும் அதே சாக்கடை, நாளை கரையின் காவலையும் அரித்துவிடுகிறது. பவளம் அழிவதில் நங்கூரத்துக்கும் கடல் சூடாவதற்கும் பங்கு உண்டு; என்றாலும் சாக்கடை, ஒரு தீவு தானே முனைந்து அடைக்கக்கூடிய வழி.

தீவை மூடியதால் கூலித் தொழிலாளிகள் பிழைப்பை இழந்தார்களே என்ற கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் கோலிஃபார்ம் பற்றிய எச்சரிக்கை 1997லேயே வந்துவிட்டது. அப்போதே குழாய் பதித்திருந்தால் 2018இல் யாரையும் வீட்டுக்கு அனுப்ப நேர்ந்திருக்காது. மீண்டும் திறந்தபோது, ஒரே நேரத்தில் 19,215 பயணிகள் என்று உச்சவரம்பு வைத்தார்கள்; சரியான முடிவுதான். ஆனால் 2022இல் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் அதையும் மீறிக் கூட்டம் சேர்ந்தது. வரம்பு மட்டும் போதாது. தீவுக்குப் போகத் திட்டமிடும் வாசகர்கள், அறையிலிருந்து கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன், கழிவுநீரைச் சுத்திகரிக்கிறீர்களா என்று விடுதியிடம் கேளுங்கள்.