வன்தட்டின் பிழையை விண்டோஸ் எப்படிக் கண்டறிகிறது?

வன்தட்டில் நேரும் பிழைகள் இரு வகைப்படும். விண்டோஸில் உள்ள செக்டிஸ்க் என்னும் கருவி அவ்விரண்டையும் வெவ்வேறு வழியில் அணுகுகிறது.

முதலாவது கணக்குப் பிழை. எந்தக் கோப்பு தட்டின் எப்பகுதியில் உள்ளது, எவ்விடம் காலியாக உள்ளது என்னும் விவரங்களை என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை தனித்தனி அட்டவணைகளில் பதிந்துவைப்பதால், எழுதும்போதே மின்சாரம் நின்றுவிட்டால் அவை ஒன்றோடொன்று முரண்படக்கூடும். 'எஃப்' குறியுடன் இயக்கப்படும் செக்டிஸ்க் அவற்றை ஒப்பிட்டு முரணை நீக்குகிறது.

இரண்டாவது, தட்டின் பரப்பே பழுதாவது. தரவு 512 அல்லது 4096 பைட்டு கொண்ட செக்டர்களாக எழுதப்படுகையில், ஒவ்வொன்றோடும் பிழைதிருத்தக் குறியீடு ஒன்றும் சேர்த்து எழுதப்படுகிறது. படிக்கும்போது சிறு பிழைகளை அக்குறியீட்டைக் கொண்டு வன்தட்டே திருத்திக்கொள்கிறது, பிழை அந்த வரம்பைக் கடந்தால் படிக்க இயலவில்லை என அறிவிக்கிறது. 'ஆர்' குறியிட்டால், செக்டிஸ்க் காலியிடம் உட்பட முழுப் பரப்பையும் படித்துப் பார்த்து, பழுதான இடங்களை இனிப் பயன்படுத்தாதவாறு குறித்துவைக்கிறது. பெரிய வன்தட்டுகளில் இச்சோதனை பல மணிநேரம் நீள்வதற்குக் காரணம் இதுவே.

விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும் 'சி' பகுதியைத் திருத்துவதற்காகப் பூட்ட இயலாதாகையால், அதன் பழுதுநீக்கம் அடுத்த தொடக்கத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. பழுதடைந்துவரும் தட்டுக்கு இம்முழு வாசிப்பே பெருஞ்சுமையாகி எஞ்சிய தரவையும் அழிக்கக்கூடும் என்பதால், தேவையான கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்த பின்னரே 'ஆர்' குறியைப் பயன்படுத்த வேண்டும்.