இலவசத் தபாலின் விலை

சென்னையின் முதல் செய்தித்தாள் எது தெரியுமா? 'மெட்ராஸ் கூரியர்'. 1785 அக்டோபர் 12-ல் தொடங்கிய ஆங்கில வார இதழ். நடத்தியவர் ரிச்சர்ட் ஜான்ஸ்டன், கம்பெனி அரசாங்கத்தின் அச்சகர்.

அதுக்கு 5 வருஷம் முன்னாடி கல்கத்தாவில் ஹிக்கி என்பவர் இந்தியாவின் முதல் செய்தித்தாளைத் தொடங்கினார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸைக் கிண்டலடித்தார். பதிலுக்கு அரசு முதலில் செய்தது என்ன? தபாலில் அவர் பத்திரிகையை எடுத்துப்போகத் தடை! சிறை, அச்செழுத்து பறிமுதல் எல்லாம் அப்புறம்தான்.

கூரியர் கதை நேர் எதிர். அரசின் ஆதரவோடு பிறந்தது, இலவசத் தபால் சலுகையும் கிடைத்தது. அச்சடிச்சா மட்டும் போதாதே, வாசகர் கைக்குப் போகணுமே! ஆனா கொடுத்த கையே எடுக்கவும் செய்யும். 1795-ல் சென்னையில் தணிக்கை வந்தது. அரசு உத்தரவுகளை வெளியிடும் முன் அதிகாரியிடம் காட்டணும். அதே சமயத்தில் இலவசத் தபாலும் போச்சு. கூரியரும் போட்டி இதழ் 'மெட்ராஸ் கெஜட்'டும் எதிர்ப்புத் தெரிவித்தன. கிடைத்தது, பத்திரிகையைப் பெறுபவரிடம் கட்டணம் வாங்கலாம் என்ற மாற்றம் மட்டும். அனுமதி இல்லாமல் 'இந்தியா ஹெரால்ட்' நடத்திய ஹம்ப்ரீஸ் கைதே செய்யப்பட்டார்.

திருவாதவூரில் உட்கார்ந்து இதை போனில் படிக்கிற உங்களுக்குத் தபால் செலவு இல்லை. ஆனா நம்ம இதழும் யாரோ ஒருத்தரோட சர்வரில், யாரோ தந்த அனுமதியில்தான் ஓடுது. இலவசமாக் கிடைக்கிற எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்க: இதை நிறுத்துற சுவிட்ச் யார் கையில இருக்கு?